அண்ணா பல்கலைக்கழகச் சேர்க்கையும் நம் பிள்ளைகளின் விருப்பப் பட்டியலும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்கள் பொறியியல் கல்லூரிகளின் சுவரொட்டிகளால் நிறைந்துவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் 'அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பெற்றது' என்னும் வரி தவறாமல் இடம்பெறும். அதைக் காணும் பெற்றோர் பலர், பிள்ளைக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்துவிட்டதாக எண்ணி மகிழ்கின்றனர். இணைக்கப்பெற்ற கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் பொறியியல் சேர்க்கையைப் பற்றி எதுவும் பேச இயலாது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

அண்ணா பல்கலைக்கழகம் 1978-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தோற்றுவிக்கப்பெற்றது. அதன் அடித்தளமாக அமைந்தவை நான்கு நிறுவனங்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1944-இல் எழுந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949-இல் குரோம்பேட்டையில் அமைந்த சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி என்பன அவை. மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பயின்றது குரோம்பேட்டை நிறுவனத்தில்தான். பல்கலைக்கழகத் துறைகள் எனப்படுவன இந்நான்கே. கலந்தாய்வுக் குறியீடுகளில் 1, 2, 3, 4 என்னும் முதல் எண்கள் இவற்றிற்கே உரியவை. இவற்றிற்கு அடுத்து, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. நம் திண்டுக்கல்லை அடுத்த ரெட்டியார்சத்திரத்திலும் அத்தகைய கல்லூரி ஒன்று உண்டு. அதன் பின்னர் அரசு பொறியியல் கல்லூரிகளும், அரசு உதவி பெறும் கல்லூரிகளும், தனியார் கல்லூரிகளும் வருகின்றன. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரி (1957), திண்டுக்கல் பி.எஸ்.என்.ஏ. கல்லூரி (1984) போன்றவை நம் பகுதியினர் நன்கறிந்தவை. கலந்தாய்வில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் மொத்தம் நானூற்றுக்கும் மேற்பட்டவை.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் இல்லை. அவை தத்தம் விதிப்படி தனியே சேர்க்கை நடத்துவன. சின்னாளபட்டிக்கு அருகிலுள்ள காந்திகிராமக் கிராமிய நிறுவனமும் 1976-இல் நிகர்நிலைத் தகுதி பெற்றதே. ஆகவே அங்குப் பயில விரும்புவோர் அந்நிறுவனத்தின் அறிவிப்பைத் தனியே பார்த்தல் வேண்டும்.

மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

பழைய தலைமுறைப் பெற்றோர்க்கு நுழைவுத்தேர்வு நினைவில் இருக்கும். 1984 முதல் 2006 வரை தமிழகத்தில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு நடந்தது. மேல்நிலைத் தேர்வுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என மொத்தம் 300-க்குக் கணக்கிட்டனர். பயிற்சி நிலையங்கள் நகரங்களில் மட்டுமே இருந்தமையால் சிற்றூர் மாணவர் பின்தங்கினர் என்னும் குறை நெடுநாள் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது. அதன் பின் 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நுழைவுத்தேர்வை நீக்கியது.

இப்போது 200-க்கான கணக்கு எளிது. கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50 ஆகும். கணிதத்தில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 92 பெற்ற மாணவிக்கு 95, 45, 46 ஆகியவற்றைக் கூட்ட 186 வரும். இதனையே வழக்கில் கட்-ஆஃப் என்கிறோம். கணிதத்தில் 88-உம் மற்ற இரண்டிலும் 98-உம் பெற்ற மாணவனுக்கும் 88, 49, 49 எனக் கூட்ட அதே 186 வருகிறது. மூன்று பாடங்களின் நேர்க்கூட்டுத்தொகையில் அவன் அவளைவிட ஏழு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவன். எனினும் தரவரிசையில் அந்த மாணவியே முன் நிற்பாள். கட்-ஆஃப் சமமாகும்போது முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பர். அதுவும் சமமாயின் இயற்பியல், அதன்பின் நான்காம் விருப்பப்பாடம் என்று அடுத்தடுத்து நோக்குவர். பிறந்த தேதியும் ஓரிடத்தில் வருகிறது. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாம் ஒத்துப்போனால் கடைசியாக முடிவு செய்வது ரேண்டம் எண் எனப்படும் சமவாய்ப்பு எண். தரவரிசைப் பட்டியலுக்கு முன்பே அதனை வெளியிட்டுவிடுகின்றனர். அந்த எண் வந்த நாளிலேயே 'நம் பிள்ளைக்குச் சிறிய எண் விழுந்துவிட்டதே' என்று கலங்கும் பெற்றோரைக் காண்கிறோம். முந்தைய படிகள் அனைத்திலும் இருவர் சமமாக நின்றால் மட்டுமே அந்த எண்ணுக்கு வேலை. பெரும்பாலோர்க்கு அது வேலை செய்வதேயில்லை.

தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்ற மதிப்பெண் கட்-ஆஃபில் சேர்வதில்லை. அதனால் அவற்றை அலட்சியம் செய்யலாகாது; தேர்ச்சி பெறாத மாணவருக்குக் கட்-ஆஃப் என்ற பேச்சே இல்லை.

விருப்பப் பட்டியல்

இனி நாம் சொல்ல விழையும் முதன்மையான செய்திக்கு வருவோம். நம் மாவட்டத்துக் குடும்பங்கள் மதிப்பெண்ணைக் குறித்து ஓராண்டு கவலைப்படுகின்றன. விருப்பப் பட்டியலை எழுத ஒரு மாலைப்பொழுதையும் ஒதுக்குவதில்லை. அதையும் பிரவுசிங் சென்டரில் இருப்பவரிடமே விட்டுவிடுகின்றனர். பிள்ளை எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் நான்காண்டு இருக்கப்போகிறது என்பதை அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது.

ஒற்றைச் சாளர முறை 1997-இல் தொடங்கியது. 2017 வரை மாணவரும் பெற்றோரும் சென்னைக்கு நேரில் சென்றாக வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து இரவு இரயிலேறி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கிண்டி வளாகத்தில் காத்திருந்து, திரையில் தெரியும் காலியிடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவு சொல்லுதல் வேண்டும். செலவும் அலைச்சலும் மிகுதி. எனினும் அதில் ஒரு தெளிவு இருந்தது. கண்முன் காலியாக உள்ளவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தால் போதும். 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதனை நடத்துகிறது. இப்போது எது காலியாக இருக்கும் என்று அறியாமலேயே, முன்கூட்டி வரிசைப்படுத்தித் தரவேண்டியுள்ளது. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

கணினி செய்வது யாதெனில், தரவரிசையில் முதலாவதாக உள்ளவரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் காலியாகக் காணும் இடத்தை அவருக்கு அளிக்கிறது. அடுத்து இரண்டாமவர், அதன்பின் மூன்றாமவர். உங்கள் பிள்ளையின் முறை வரும்போதும் அதே செயல்தான். முதல் விருப்பம் நிரம்பிவிட்டதா? இரண்டாவதைப் பார்க்கும். அதுவும் நிரம்பிவிட்டதா? மூன்றாவது. கிடைக்காத பத்து இடங்களை மேலே எழுதியிருந்தாலும் பதினோராவது இடத்துக்கான உரிமை ஓர் அணுவளவும் குறையாது. அந்த இடத்தைப் பெறுவதில், அதனை முதல் விருப்பமாக எழுதியவருக்கும் பதினோராவது விருப்பமாக எழுதியவருக்கும் வேறுபாடு இல்லை. தரவரிசையில் முன்னிருப்பவருக்கே அது செல்லும்.

இதனை உணராத ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். வத்தலக்குண்டைச் சேர்ந்த மாணவி, கட்-ஆஃப் 186. கிண்டியில் கட்டுமானப் பொறியியல் பயில வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கடுத்துக் குரோம்பேட்டை, அதற்கடுத்து மதுரை என்று எழுத நினைக்கிறாள். தந்தையோ, 'கிடைக்காததை மேலே எழுதினால் கிடைப்பதும் போய்விடும் அம்மா. முதலில் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியை எழுது' என்கிறார். அவள் அவ்வாறே எழுதுகிறாள். கணினி அவள் பட்டியலைத் திறக்கிறது. முதல் வரியிலேயே பக்கத்துக் கல்லூரி, இடம் காலி, அளித்துவிட்டது. கீழே உள்ளவற்றை அது படிக்கவேயில்லை. அன்று மதுரையில் ஓர் இடம் காலியாக இருந்திருந்தாலும் அது அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவருக்குப் போயிருக்கும். தந்தையின் எண்ணம் அன்பினால் எழுந்தது. கணக்கோ அவர் நினைத்ததற்கு நேர்மாறானது.

அவருடைய அச்சம் அடிப்படையற்றதென்று தள்ளிவிடவும் கூடாது. முதல் விருப்பமாக எழுதியோர்க்கு முன்னுரிமை தரும் முறைகள் உலகில் இருந்துள்ளன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் அத்தகைய முறை இருந்தது. அங்கு எட்டாத பள்ளியை முதலில் எழுதிய குடும்பம், அது கிடைக்காதபோது இரண்டாவதையும் இழந்தது. ஏனெனில் அந்த இரண்டாவது பள்ளி, அதனை முதலில் எழுதியோரால் முன்பே நிரம்பியிருக்கும். பெற்றோர் உள்ளத்தில் உள்ளதை மறைத்துப் பட்டியல் எழுதக் கற்றனர். பொருளியல் அறிஞர் அதன் குறையை எடுத்துக்காட்டியபின் 2005-இல் அந்நகரம் அதனைக் கைவிட்டது. மாற்றாக வந்த முறைக்கு வித்திட்டது, டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி எழுதிய ஒரு சிறு கட்டுரை. மாணவர் தம் விருப்பத்தை உள்ளவாறே எழுதுவதே அவர்க்கு நன்மை பயக்கும்படி ஒரு சேர்க்கை முறையை அமைக்க முடியும் என்பதற்கு அது வழி காட்டியது. ஷாப்லிக்கும், அம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஐ.ஐ.டி.க்களும் திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.க்களும் 2015 முதல் நடத்தும் கூட்டுச் சேர்க்கையும் அந்த வழியிலேயே செல்கிறது. ஆகவே அங்கும் பட்டியலை உண்மை விருப்பப்படியே எழுதலாம்.

எழுதக்கூடிய விருப்பங்களின் எண்ணிக்கைக்கு நம் கலந்தாய்வில் வரம்பில்லை. மேலே ஆசைப்படுபவை, நடுவே எட்டக்கூடியவை, கீழே உறுதியாகக் கிடைப்பவை எனத் தாராளமாக எழுதலாம். ஆனால் கிடைத்தால் சேரமாட்டோம் என்று உள்ளத்தில் உறுதியாக உள்ள கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்கலாகாது. எண்ணிக்கைக்காக எழுதிய வரியே சிலருக்கு இடமாக வந்து விடிகிறது.

முன்னாண்டுகளில் எந்த மதிப்பெண்வரை எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு நிரம்பியது என்னும் விவரம் இயக்ககத்தின் இணையதளத்திலேயே உண்டு. அதனைப் பார்த்தே எட்டக்கூடியவற்றைக் கணிக்கலாம். ஓராண்டை மட்டும் பார்த்தல் போதாது; இரண்டு மூன்று ஆண்டுகளை ஒப்பிடுக. 2021-ஆம் ஆண்டை ஒதுக்கிவிடுவது நலம். நோய்த்தொற்றின் காரணமாக அவ்வாண்டு பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினோராம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிற்கு 30 விழுக்காடு என்று மதிப்பெண் வகுத்தளித்தனர். அந்தக் கணக்கில் வந்த கட்-ஆஃப் பிற ஆண்டுகளுக்குப் பொருந்தாது. மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவது இன்னும் பாதுகாப்பானது. வினாத்தாள் எளிதாகும் ஆண்டில் மதிப்பெண் உயரும், இடங்களின் எண்ணிக்கையோ ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

ஒதுக்கீடும் சான்றிதழ்களும்

தமிழகத்தில் இட ஒதுக்கீடு 69 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோர்க்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர்க்கு 20, பட்டியல் இனத்தார்க்கு 18 (இதனுள் அருந்ததியர்க்கு 3), பழங்குடியினர்க்கு 1 என அது பகிரப்பட்டுள்ளது. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்போட்டி. பொதுப்போட்டி என்றால் முற்பட்டோர்க்கு மட்டுமே உரியது என்று சிலர் கருதுகின்றனர். அஃது எல்லாப் பிரிவினர்க்கும் உரியது. பிற்படுத்தப்பட்ட பிரிவு மாணவர்க்குப் பொதுப்போட்டியிலும் பார்ப்பர், அவர்தம் பிரிவிலும் பார்ப்பர். அதனால்தான் பொதுத் தரவரிசை எண்ணும் பிரிவுத் தரவரிசை எண்ணும் என இரண்டு எண்கள் வருகின்றன.

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. நடுவண் அரசு 2014-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. ஆகவே பொறியியல் கலந்தாய்விலும் நமக்குத் தனி ஒதுக்கீடு உண்டென்று சிலர் எண்ணுகின்றனர். இல்லை. மேற்கண்ட பங்கீட்டில் சமணச் சிறுபான்மையினர் எனத் தனிப்பிரிவு கிடையாது. கலந்தாய்வில் மாணவரின் பிரிவு, வருவாய்த் துறை அளித்த சாதிச் சான்றிதழில் உள்ளபடியே கொள்ளப்படும். சிறுபான்மைத் தகுதி பயன்படுவது கல்வி உதவித்தொகை போன்ற திட்டங்களிலும், சிறுபான்மைக் கல்வி நிறுவனங்கள் தாமே நிரப்பும் இடங்களிலும் ஆகும். இரண்டு சான்றுகளும் வெவ்வேறு பயனுக்குரியவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பதிவேற்றினால் விண்ணப்பம் திருத்தத்திற்குத் திரும்பும்.

சான்றிதழ்களைத் தேர்வு முடிவு வந்தபின் தேடத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இ-சேவை மையங்களில் அந்நாள்களில் கூட்டம் நெருக்கியடிக்கும். மாசி, பங்குனியிலேயே பெற்று வைத்தல் நன்று. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருப்பின் முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெறலாம். அதனால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏதேனும் ஓராண்டு வேறு மாநிலத்தில் பயின்றிருந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பர். பெங்களூரிலோ மும்பையிலோ பணியாற்றித் திரும்பிய குடும்பங்கள் இதனை மறத்தலாகாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றோர்க்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உள்ளது. அதன்வழிச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தனியார் பள்ளியே உயர்ந்தது என்று கடன்பட்டுச் சேர்க்கும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம் என்பது நம் கருத்து.

விண்ணப்பத்தில் தரும் கைப்பேசி எண் பெற்றோருடையதாகவோ மாணவருடையதாகவோ இருத்தல் கட்டாயம். கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியீட்டு எண்ணும் பிறர் கைக்குப் போனால் பட்டியலும் அவர் கைக்குப் போயிற்று என்றே பொருள். கணினி வசதி இல்லாதோர்க்கு மாவட்டந்தோறும் அரசு உதவி மையங்கள் உண்டு. அங்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்க உதவுகின்றனர்; சான்றிதழ் சரிபார்ப்புக்கும் அவையே பொறுப்பு. 'இடம் வாங்கித் தருகிறேன்' என்று தேடி வரும் தரகர் தருவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடமே. பல்கலைக்கழகத் துறைகளில் தரகர் மூலம் இடம் என்பதே கிடையாது.

இடம் வந்த பின்

கலந்தாய்வு சில சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் தற்காலிக ஒதுக்கீடு வரும். அதனை உறுதிசெய்யக் கிடைப்பது ஓரிரு நாள்களே. அப்போது மாணவர்முன் சில வழிகள் வைக்கப்படும். ஏற்றுக் கல்லூரியில் சேர்வது ஒன்று. ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலுள்ள விருப்பங்களுக்காகக் காத்திருப்பது மற்றொன்று. இடத்தை மறுத்து மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருப்பதும், அடுத்த சுற்றுக்குச் செல்வதும், முற்றிலும் விலகுவதும் பிற வழிகள். இடம் பெற்ற சிலர் சேராது விடும்போது மேலே உள்ள இடங்கள் திறக்கும்; அவையே காத்திருப்போர்க்கு வரும். நம் வத்தலக்குண்டு மாணவி உண்மை விருப்பப்படி எழுதி, மதுரை கிடைத்து, ஏற்றுக்கொண்டு காத்திருந்தாள் எனின் குரோம்பேட்டையோ கிண்டியோ பின்னர் வரக்கூடும். வராவிடினும் மதுரை அவளுடையதே. ஆனால் மேல் இடம் வந்துவிட்டால் பழைய இடம் அக்கணமே வேறொருவருக்குச் சென்றுவிடும்; திரும்பப் பெற இயலாது. சென்னை வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டால் காத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாகாது.

அந்த முடிவை எந்நாளில் எடுப்பது என்பதுதான் சிக்கல். பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்புவதா, அங்கே சைவ உணவு எவ்வாறு இருக்கும், கதிரவன் மறையுமுன் உண்ணும் பழக்கமுள்ள பிள்ளை என்ன செய்யும் என்னும் கேள்விகள் நம் வீடுகளில் இடம் வந்த அன்று இரவுதான் எழுகின்றன. அவற்றுள் பல விடையுள்ள கேள்விகளே. விடுதியின் மாலை உணவு எத்தனை மணிக்கு, தனிச் சைவச் சமையல் உண்டா, முன்கூட்டி உணவை எடுத்து வைக்க இசைவார்களா என்பதை அங்குப் பயிலும் மாணவரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ சித்திரையிலேயே கேட்டறியலாம். கேட்டபின் வேண்டாம் என்று தோன்றினால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் எழுதாமல் விடுவது நேர்மையான முடிவு. எழுதிவிட்டு, இடம் வந்தபின் மறுப்பது பிள்ளையின் ஓராண்டு உழைப்பை ஓரிரவில் அழிப்பதாகும். அந்த உரையாடலில் பிள்ளையும் உடனிருந்து பேசட்டும்.

ஏற்றுச் சேர்வோர் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குச் சென்று கட்டணம் செலுத்துதல் வேண்டும். ஏற்றுக் காத்திருப்போர் உதவி மையத்தில் செலுத்துதல் வேண்டும். நாள் தவறினால் இடம் நீங்கிவிடும்; காரணம் கேட்கும் ஏற்பாடு அங்கில்லை. ஆகவே திருமண, ஊர்ப்பயண அழைப்புகளை ஏற்குமுன், கலந்தாய்வின் கால அட்டவணையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது உதவும். மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து முன்பே வாங்கி, அதனுடன் மூலச் சான்றுகள் அனைத்தையும் ஒரே உறையில் இட்டு, நகல்கள் நான்கைந்து தனியே எடுத்து வைக்கவும்.